செந்தமிழன், இரண்டாம் பாகம்

சத்திரம் பஸ் நிலையத்துக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இடையே ஓடும் தனியார் டவுன் பஸ் ஒன்றில் நல்லுசாமி டிரைவர். சொந்த ஊர் உப்பிலியபுரம். கல்யாணமான வருஷமே திருச்சிக்கு வந்துவிட்டார். அன்றிலிருந்து ஸ்ரீரங்கம் மூலத்தோப்பில் வாடகை வீடு. அதிகம் பேசமாட்டார். ஹாரனைக்கூட யோசித்துத்தான் அடிப்பார் என்று கண்டக்டர் விக்டர் கேலி செய்வான். அப்படிப்பட்ட மனிதர் ஒரு படம் வந்த சமயத்தில் மட்டும், முன்படியில் ஏறுகிறவர்களிடமெல்லாம் வாய் ஓயாமல் பேசினார்.

"படம் பாத்துட்டீங்களா? அதுல ஜீப்பு பக்கத்துல நிக்கிற போலீஸ் நம்ம பையன்தாங்க."

பையன் பெயர் செந்தமிழன். ஒரே பிள்ளை. பட்டப்படிப்பு முடித்துவிட்டு, நிஜப் போலீஸ் ஆவதற்குப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். அம்மா மண்டபம் சாலையில் ஷூட்டிங் நடக்கிறதென்று கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்கப் போனவன் அவன். கான்ஸ்டபிளாக நடிக்க வேண்டிய ஆள் அன்று வரவில்லை. ஒட்ட வெட்டிய முடியும் நெடுநெடு உயரமுமாகக் கூட்டத்தில் நின்றவனை, இளவேனில் என்ற உதவி இயக்குநர் கைகாட்டிக் கூப்பிட்டு, காக்கிச் சட்டையை மாட்டிவிட்டார்.

ஒரே ஒரு வசனம். இன்ஸ்பெக்டராக வரும் கதாநாயகன், "உன் பேர் என்ன?" என்று கேட்பார். "கதிர்வேல், சார்" என்று இவன் சொல்ல வேண்டும். கேமரா ஓடத் தொடங்கியதும் பயத்தில் எல்லாம் மறந்துபோய், "செந்தமிழன், ஐயா" என்று சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டான். திட்டு விழும் என்று பயந்து நின்றான். இயக்குநரோ சிரித்து, "இதுவே நல்லாருக்கு, இருக்கட்டும்" என்றார். அந்தப் பெயர் பிடித்துப்போனதாலோ என்னவோ, கடைசிக் காட்சிக்கும் அவனையே வரச் சொன்னார்கள்.

படம் சின்னப் படம்தான். காணாமல்போன ஒரு பள்ளிக்கூடப் பெண்ணை இன்ஸ்பெக்டர் தேடுகிறார். முழுப் படத்திலும் துப்பாக்கி ஒரே ஒரு முறைதான் வெடிக்கும். முடிவில் பெண் உயிரோடு கிடைக்கிறாள். இன்ஸ்பெக்டர் களைத்துப்போய்ப் படியில் உட்கார்ந்துவிட, செந்தமிழன் அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் புறப்படுகிறான். விடிகிற நேரம். காவிரிப் பாலத்தில் ஜீப் போய்க்கொண்டே இருக்கும்போது படம் முடிந்துவிடும்.

யாரும் எதிர்பார்க்காதபடி அந்தப் படம் ஓடியது. கல்லூரிப் பையன்கள் தெருவில் அவனைப் பார்த்து, "செந்தமிழன், ஐயா!" என்று சல்யூட் அடித்தார்கள். அவன் வெட்கப்பட்டுச் சிரிப்பான். அவனுடைய அம்மா அமிர்தம், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "ஒரு வார்த்தைதான் பேசறான். ஆனா தெளிவாப் பேசறான்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த வருஷம் எழுத்துத் தேர்வில் அவன் தேறினான். இனி ஓட்டம்தான் பாக்கி. அதிகாலையில் கொள்ளிடக்கரைச் சாலையில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தான். ஒரு நாள் ஏதோ வண்டி பின்னாலிருந்து அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. அந்தப் பக்கம் வந்த பால்காரர் ஒருவர் பார்த்து ஆம்புலன்சைக் கூப்பிட்டபோது அவன் உடம்பு சில்லிட்டிருந்தது. எவ்வளவு நேரம் அங்கே கிடந்தான் என்று யாருக்கும் தெரியாது. எந்த வண்டி என்றும் கடைசிவரை தெரியவில்லை.

சேதி வந்தபோது நல்லுசாமி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். போனை எடுத்த விக்டர், விசிலை ஊதி வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, முன்னால் வந்து அவர் தோளில் கை வைத்தான். அவர் அழவில்லை. ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, சுடுகாட்டிலும் அழவில்லை. காரியம் முடிந்ததும் மறுபடி பஸ்ஸை எடுத்துவிட்டார். சொந்தக்காரர்கள் அதைக் குறையாகப் பேசினார்கள்.

அமிர்தம் மகனுடைய போனை அணைக்கவே இல்லை. சார்ஜ் போட்டு சாமி படத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். யாரும் கூப்பிடுவதில்லை. இரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் அது அடித்தது.

"செந்தமிழன்! நான் இளவேனில். ஞாபகம் இருக்கா?"

"நான் அவன் அம்மா பேசறேங்க."

"வணக்கம்மா! நல்லாருக்கீங்களா? ரெண்டாம் பாகம் எடுக்கறோம்மா. இதுல தம்பிக்குப் பெரிய ரோல். இப்பவே மீசை வளக்கச் சொல்லுங்க."

அமிர்தம், "சரிங்க, சொல்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள். சாயங்காலம் நல்லுசாமி வந்து, அதே நம்பருக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

மறுவாரம் இளவேனில் நேரிலேயே வந்தார். மாலை போட்டிருந்த படத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார்.

"வேற பையனைத்தான் போட்டாகணும் சார். பேரை வேணும்னா மாத்திடறோம்."

"ஆமா, மாத்திடுங்க. அந்தப் பேரு வேணாம்" என்றாள் அமிர்தம்.

"பேரை ஏன் மாத்தணும்? இருக்கட்டும் அமிர்தம்" என்றார் நல்லுசாமி. "இப்ப அவன் பேரைச் சொல்லி யாரு கூப்பிடறா? சினிமாவுலயாவது கூப்பிடட்டும்."

இளவேனில் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்துகொண்டார்.

படம் வருகிறவரைக்கும் நல்லுசாமி மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பெரிய ரோல் என்றால் கான்ஸ்டபிளாகவே வைத்திருக்கமாட்டார்கள், பதவி உயர்வு கொடுத்திருப்பார்கள் என்று விக்டரிடம் சொன்னார். வெளியான அன்று லீவு போட்டுவிட்டுத் தனியாகத்தான் போனார். நன்றாக இருந்தால் அமிர்தத்தை அழைத்துவரலாம் என்று எண்ணம்.

புதுப் பையன் உயரமாகத்தான் இருந்தான். மீசை வைத்திருந்தான். சட்டையில் செந்தமிழன் என்ற பெயர் பளிச்சென்று தெரிந்தபோது தியேட்டரே விசிலடித்தது. இன்ஸ்பெக்டர் நிமிஷத்துக்கு ஒரு தடவை, "செந்தமிழா, இங்க வாடா" என்று கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் நல்லுசாமி இருக்கையின் நுனிக்கு வந்தார். இடைவேளைக்குச் சற்று முன்னால் செந்தமிழன் மார்பில் குண்டு பாய்ந்தது. இன்ஸ்பெக்டர் அவனை மடியில் போட்டுக்கொண்டு, "செந்தமிழா, கண்ணத் தொறடா! என்னப் பாருடா!" என்று கதறினார். விசில் அடித்த கூட்டம் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தது.

அதன்பிறகு நல்லுசாமி உள்ளே இருக்கவில்லை. பைக் நிறுத்துமிடத்தில் வந்து நின்றார். இடைவேளைக்கு வெளியே வந்த இளைஞர்கள் பேசிக்கொண்டார்கள்.

"ஃபர்ஸ்ட் பார்ட் மாதிரி வரலடா. அதுல ஒரே ஒரு தடவைதான் சுடுவாங்க, ஆனா பயமா இருந்துச்சு. இதுல சும்மா சுட்டுத் தள்ளறாங்க."

"ஆனா அந்த போலீஸ்காரன் சாகற சீன் செம்ம மச்சான். எனக்கே கண்ணு கலங்கிருச்சு."

வீட்டுக்கு வந்தபோது அமிர்தம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"எப்படி இருந்துச்சு?"

"முதல் படம் அளவுக்கு இல்ல."

"அவன் என்ன பண்றான்?"

நல்லுசாமி செருப்பைக் கழற்றினார். "எஸ்.ஐ. ஆயிட்டான்" என்றார்.

அமிர்தம் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். "நெசமாவா? எந்த ஊர்ல?"

"மதுரைக்கு மாத்தறாங்க."

"கல்யாணம், கில்யாணம்?"

"அதெல்லாம் காட்டல."

அன்று அவள் அவருக்குச் சாதம் போட்டுக்கொண்டே, புதுப் பையன் எப்படி நடக்கிறான், எப்படிச் சிரிக்கிறான் என்று கேட்டபடி இருந்தாள். அவரும் தோன்றியதையெல்லாம் சொன்னார். அந்தப் பேரே வேண்டாம் என்று சொன்னவளுக்கு இப்போது படம் பார்க்க ஆசை வந்துவிட்டது. அவரிடம் சொன்னால் தடுப்பார் என்றும் தோன்றியிருக்க வேண்டும். நாலைந்து நாள் கழித்து, அவர் வேலைக்குப் போன நேரத்தில், பக்கத்து வீட்டு நஜ்முன்னிசாவைக் கூட்டிக்கொண்டு பகல் காட்சிக்குப் போய்விட்டாள்.

நல்லுசாமி வீடு திரும்பியபோது நஜ்முன்னிசா வாசலிலேயே மறித்தாள்.

"அண்ணே, எனக்குக் கதை தெரியாதுண்ணே, அல்லா சத்தியமா. எந்திரிச்சுப் போயிரலாம்னு கையைப் புடிச்சு இழுத்தேன். அவங்க வரமாட்டேன்னுட்டாங்க."

அமிர்தம் உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவர் எதிரே போய் உட்கார்ந்தார்.

"உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல அமிர்தம்."

அவள் கோபப்படவில்லை. "ஏங்க, அந்த இன்ஸ்பெக்டர் மடியில தலை வச்சிருந்தான் பாத்தீங்களா?" என்றாள்.

அவர் தலையசைத்தார்.

"மொகத்துல தெறிச்ச ரத்தத்தைத் தொடச்சு விட்டாருங்க. பேரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாரு. நம்ம புள்ள ரோட்டுல ஒத்தையிலதானே கெடந்தான். தண்ணின்னு கேட்டிருந்தாக்கூட யாருங்க இருந்தா?"

நல்லுசாமி அப்போதுதான் அழுதார். அத்தனை நாள் எங்கே வைத்திருந்தாரோ, குரலெடுத்து அழுதார். வாசலில் நின்ற நஜ்முன்னிசா தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதோடு முடிந்துவிடும் என்று அவர் நினைத்தார். ஆனால் அமிர்தம் மறுபடியும் போனாள். அவருடைய பஸ்ஸிலேயே ஏறி, டிரைவருக்குப் பின் இருக்கையில் உட்கார்ந்து, சத்திரத்தில் இறங்கித் தியேட்டருக்கு நடப்பாள். இடைவேளை விட்டதும் கிளம்பி வந்துவிடுவாள். பிற்பாதியில் கதை என்ன ஆனதென்று அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் இல்லை.

"அண்ணே, அண்ணி இப்படிப் போறாங்களே, நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று விக்டர் ஒரு நாள் கேட்டான்.

"என்னன்னு சொல்றது விக்டர்? எனக்கு முதல் படம்தான் படம். அதுல அவன் வண்டியை எடுத்துட்டுப் போறான், போய்க்கிட்டே இருக்கான். அவளுக்கு இது வேண்டியிருக்கு. ரெண்டு பேரும் ஒரே புள்ளையைத்தான் பாக்கறோம்."

கூட்டம் குறைந்து, வெள்ளிக்கிழமை படத்தைத் தூக்கப்போகிறார்கள் என்று தெரிந்தது. வியாழக்கிழமை நல்லுசாமி மாற்று டிரைவரிடம் வண்டியைக் கொடுத்துவிட்டு, அவளோடு சத்திரத்தில் இறங்கினார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தியேட்டரில் பாதிக்குமேல் காலி.

அந்தக் காட்சி வந்தபோது அவரால் திரையைப் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பி அமிர்தத்தைப் பார்த்தார். அவள் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய வலது கை, சேலை மடிப்பின்மேல், அவள் மடியை மெல்ல மெல்லத் தடவிக்கொண்டிருந்தது.