ஸ்கொயர் லெக்கில் நின்ற ஞாயிறு

எங்கள் பல்கலைக்கழகத்தில் நான் கணிதம் கற்பிக்கிறேன். என் மனைவி அங்கேயே தேர்வுப் பிரிவில் வேலை பார்க்கிறாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். பெசன்ட் நகரில் அண்ணன்மாரோடு தெருவில் கிரிக்கெட் ஆடி வளர்ந்தவள் அவள். எனக்கு மட்டையைப் பிடிக்கவே வராது.

விளையாட்டு வளாகத்தைப் புதுப்பித்து முடித்ததும் பெண் ஊழியர்களுக்கு டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டி அறிவித்தார்கள். தேர்வுப் பிரிவுக்கு அவள்தான் கேப்டன். ஒரு மாதம் மாலை ஐந்து மணிக்குப் பிறகு மைதானமே கதி. வீட்டுச் சமையல் என் பொறுப்பானது. என் சாம்பார் கூடப் பரவாயில்லாமல் வந்தது.

நூலக அணியோடு இறுதி ஆட்டம். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். வர வேண்டிய அம்பயர்களில் ஒருவர் வரவில்லை. உடற்கல்வி இயக்குநர் கண்ணில் நான் பட்டேன்.

“சும்மா ஸ்கொயர் லெக்ல நில்லுங்க சார். ஸ்டம்பிங், ரன் அவுட் மட்டும் பார்த்தா போதும்.”

“என் மனைவி ஆடுறாங்களே?”

“இருக்கட்டும் சார். ரெண்டு டீமும் ஒத்துக்கிட்டாங்க.”

வெள்ளைத் தொப்பி ஒன்றைத் தலையில் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். பேட்டிங் செய்பவரிடமிருந்து பக்கவாட்டில், இருபதடி தள்ளி வெயிலில் நின்றேன். ஒன்றரை மணி நேரம் வேலையே வரவில்லை.

கடைசி இரண்டு பந்தில் நான்கு ரன் வேண்டும். மட்டை அவள் கையில். தட்டிவிட்டு ஓடினாள். ஒரு ரன் முடிந்தது. மூச்சு வாங்க இரண்டாவதுக்குத் திரும்பினாள். பந்து விக்கெட் கீப்பரிடம் வந்தது. அவர் ஸ்டம்பைத் தட்டியபோது அவளுடைய மட்டை நுனிக்கும் வெள்ளைக் கோட்டுக்கும் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு மண் தெரிந்தது. நன்றாகவே தெரிந்தது.

நூலகக்காரர்கள் கத்தினார்கள். என் கை தானாகவே உயர்ந்துவிட்டது.

“சார், உங்க வீட்டுக்காரம்மா சார்!” என்று அவளுடைய அணியினர் அலறினார்கள். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தாள். கடைசிப் பந்தில் ஒரே ஒரு ரன் வந்தது. ஒரு ரன்னில் தோற்றார்கள்.

தொப்பியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மைதானத்துக்குத் தண்ணீர் விடும் பெரியவர் சிரித்தார். “இன்னா சார், வூட்டம்மாவையே அவுட் குடுத்துட்ட? இன்னிக்கு சோறு கீதா?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கண் ஏமாற்றியிருக்குமோ என்ற பயம் உள்ளே அரித்தது.

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தவள் அடையாறு சிக்னலில் என் தோளைத் தட்டினாள். “பீச்சுக்கு விடுங்க,” என்றாள். மணலில் உட்கார்ந்து சுட்ட சோளம் வாங்கினோம். பாதி தின்ற பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“அவுட்தான்.”

“நிஜமாவா?”

“ஓடுறவளுக்குத் தெரியாதா? எட்டலைங்க.” காலை நீட்டிக்கொண்டாள். “ஆனா அவ்ளோ வேகமாவா கையைத் தூக்குவீங்க? கொஞ்சம் யோசிக்கிற மாதிரியாவது நின்னிருக்கலாம்.”

“யோசிச்சிருந்தா தூக்கியிருக்க மாட்டேன்,” என்றேன்.

அவள் சிரித்ததில் சோளம் புரையேறியது. முதுகைத் தட்டிக் கொடுத்தேன். எனக்கும் அப்போதுதான் பசித்தது. இன்னொரு சோளம் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் அலுவலகத்தில் யாரோ என்னைப் பற்றிக் குறை சொன்னபோது, “அவர் குடுத்தது சரிதான்,” என்று அவள் எழுந்து நின்று சொன்னாளாம். அவள் பக்கத்து மேசைக்காரர் கேன்டீனில் பார்த்தபோது இதை எனக்குச் சொன்னார். அன்று மதியம் வகுப்பில் நான் கொஞ்சம் அதிகமாகவே சத்தமாகப் பாடம் நடத்தினேன் என்று நினைக்கிறேன்.