ஒன்றாம் இடத்தில் ஆளில்லை

ஓசூருக்கு வந்து ஏழு வருடமாகியும் 'ரிலீஸ்' என்ற சொல் என்னைத் தடுக்கிவிடுகிறது. நாகர்கோவிலில் ரிலீஸ் என்றால் புதுப் படம், புது ஆல்பம். இங்கே எங்கள் தொழிற்சாலையில், நான் சோதித்து முத்திரை குத்தி அனுப்பும் லாரி பிரேக் டிரம். டிசம்பரில் ஒருநாள் டீ நேரத்தில், இந்த ஆண்டு எனக்குப் பிடித்த ராக் ரிலீஸ்கள் என்று தாளில் பத்துப் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசை முனிராஜ் எட்டிப் பார்த்தார்.

"வருஷத்துக்கே பத்துதான் ரிலீஸா சார்? மீதியெல்லாம் ரிஜெக்டா?"

"இது பாட்டு, முனிராஜ். ராக்."

"ராக்கா? எங்க பர்கூர் பக்கம் வாங்க, கிரானைட் கல்லை மலை மலையா அறுத்துப் போட்டிருக்கறாங்க."

ரிஜெக்ட் என்றது சரிதான். கிழட்டு ராக் பேண்டுகள் பழைய ஆல்பத்தையே துடைத்துப் பளபளப்பாக்கி மறுபடி விற்றன. புதியவர்களின் டிரம்ஸில் ஓர் அடிகூடப் பிசகவில்லை. அப்படிப் பிசகாத வாசிப்பு எனக்கு எரிச்சல். இருந்தும் பட்டியல் போட்டாக வேண்டும். நாகர்கோவில் சர்ச் ஹாலில், ஆராதனை முடிந்ததும் பாஸ்டருக்குத் தெரியாமல் ராக் வாசித்த நால்வரில் நான் ஒருவன். மற்ற மூவரும் அங்கேயே இருக்கிறார்கள். ஆண்டுக்கொருமுறை நான் அனுப்பும் பட்டியல்தான் அந்தக் கூட்டத்தில் எனக்கு மிச்சமிருக்கும் நாற்காலி. "ஒனக்க காது பொய் சொல்லாதுலே" என்பான் எங்கள் டிரம்மர் ஜெபின்.

அந்தக் காதை வைத்துத்தான் பிழைக்கிறேன். சுத்தியலால் தட்டினால் நல்ல பிரேக் டிரம் நீளமாக ஒலிக்கும். விரிசல் இருந்தால் சத்தம் சட்டென்று செத்துவிடும். அதே காதுதான் ஒரு புது பேண்டுக்கு முதலிடம் கொடுத்தது. ஏதோ வெளிநாட்டுத் தொழில் நகரத்தின் நான்கு தொழிலாளிகள் என்றது அறிமுகக் குறிப்பு. பாட்டில், பிழைக்க வந்தவன் வீட்டுக்குப் போன் செய்கிறான். பேச்சே மாறிப்போச்சு என்று தம்பி சிரிக்கிறான். தெற்கிலிருந்து வந்து இங்கே ஷிஃப்ட் பார்க்கும் யாருக்கும் அது புரியும். மத்திகிரி டவுன் பஸ்ஸில், சுற்றிலும் கன்னடமும் தெலுங்கும் இரைய, அதைக் கேட்டு அழுதிருக்கிறேன்.

பட்டியல் அனுப்பிய மறுநாள் ஜெபின் கூப்பிட்டான்.

"லேய், ஒனக்க ஒண்ணாம் நம்பர்ல ஆளே கெடையாது, கேட்டியா. பாட்டு, குரல், போட்டோ எல்லாம் ஏஐ உண்டாக்குனது. நெட்டுல போட்டவனே ஒத்துக்கிட்டான்."

பின்னால் மற்ற இருவரும் சிரிப்பது கேட்டது.

எந்த ஊரையும் விட்டு வராத ஒன்று, என் ஏக்கத்துக்கு அளவெடுத்துச் சட்டை தைத்திருக்கிறது. நானும் கண்ணீரோடு வாங்கிப் போட்டிருக்கிறேன். அதைச் செய்தவன்மேல் அருவருப்பு. என் காதின்மேல் அதைவிட அருவருப்பு. முனிராஜிடம் சொன்னேன்.

"செக் பண்ணி பாஸானா பாஸ்தான சார்? யாரு செஞ்சா என்னா?"

அவரை அறைய வேண்டும்போலிருந்தது. ஒன்றாம் இடத்தை வெறுமையாக விட்டுப் பட்டியலை மறுபடி அனுப்பினேன்.

இன்று காலை டிரம்களைத் தட்டிக்கொண்டிருந்தபோது முனிராஜ் திரும்பினார்.

"தாளம் நல்லா இருக்குது சார். உங்க ஊருப் பாட்டா?"

அப்போதுதான் கவனித்தேன். சுத்தியல் அந்தப் பாட்டின் தாளத்திலேயே விழுந்துகொண்டிருந்தது.

"இல்ல. அதுக்கு ஊரே இல்ல."

"அப்ப நம்ம ஓசூர்ப் பாட்டுதான்" என்று சிரித்தார் முனிராஜ்.

அடுத்த டிரம்மைத் தட்டினேன். கணீரென்று ஒலித்தது. ஆனாலும் அந்தக் காதை நம்பி நல்லதா, விரிசலா என்று சொல்லத் தெரியாமல் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.