ஜெய்னுலாபுதீன் காக்கா ஊதாத தண்ணீர்

தண்டல் ஜெய்னுலாபுதீன் காக்காவைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். அவரைத் தலைகுனிய வைத்த தாளை எழுதிய கை இதுதான்.

தொண்டிக்குத் தெற்கே எங்கள் சின்ன ஊர். அண்ணன் முறையில் எங்களுக்குக் காக்கா; கொழும்புக்குத் தோணி ஓட்டியதால் தண்டல். அந்தி மஃரிபு தொழுகை முடிந்து நாங்கள் வெளியே வரும்போது, பள்ளிவாசல் படிக்குக் கீழே பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் நிற்பார்கள். இடுப்பில் காய்ச்சல் கண்ட பிள்ளை, கையில் செம்புத் தண்ணீர். குர்ஆன் வசனம் ஓதித் தண்ணீரில் ஊதிவிட்டுப் போவோம். பாட்டன் காலத்து வழக்கம்.

1955-ல் சீனி முகம்மது ஜமாத் செயலாளர் ஆனார். பினாங்கில் கடை வைத்துத் திரும்பியவர். ஐந்து வேளையும் தவறமாட்டார். தனக்குத் தெரிந்ததுதான் மார்க்கம் என்ற நினைப்பு மட்டும் தலைக்கேறியிருந்தது. ஜமாத் கூட்டத்தில், இனி ஊதக் கூடாது, அந்தப் பெண்கள் வாசலுக்கு வரக் கூடாது, மீறினால் ஊர்விலக்கு என்றார். காக்கா மட்டும் எழுந்தார்.

"தம்பி, ஊதுனா காய்ச்சல் எறங்கும்னு எனக்கும் பெருசா நம்பிக்கை இல்ல. அதுல மார்க்கம் படிச்ச ஆலிம்களுக்குள்ளயே ரெண்டு பேச்சு இருக்கு. நீங்க ஊதாட்டிப் போங்க. ஊதுறவன ஊரைவிட்டுத் தள்ளணும், புள்ளையத் தூக்கிட்டு வந்தவள விரட்டணும்னு மார்க்கத்துல எங்கன இருக்கு? காட்டுங்க, உக்காந்துர்றேன்."

யாரும் காட்டவில்லை. தீர்மானம் மட்டும் நிறைவேறியது.

பெண்கள் தெருமுனைக் கிணற்றடியில் நின்றார்கள். காக்கா கடைசி வரிசையில் தனியாகத் தொழுதுவிட்டு, அங்கே போய் ஊதினார். ஏழு மாதம் அவர் வீட்டு வாசலை யாரும் மிதிக்கவில்லை. அவர் சலாம் சொன்னால் பதில் சொல்லக் கூடாது என்றார்கள். நானும் சொல்லவில்லை.

ஐப்பசி மழையில் அவர் மனைவி உம்மு ஹபீபா மௌத்தானார். மையத்தை, அதாவது இறந்தவர் உடலை, சுமக்கும் சந்தூக்குப் பெட்டியும் அடக்கும் மையவாடியும் ஜமாத்துடையவை. மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் சந்தூக்கு வரும் என்றார் செயலாளர். எனக்கு எழுத்து அழகாக வரும். எழுதி, நானே கொண்டுபோனேன்.

காக்கா மனைவியின் காலடியில் உட்கார்ந்திருந்தார். வாசிக்கச் சொன்னார். 'இனி ஊத மாட்டேன்' என்ற வரி வந்ததும் கையமர்த்தினார்.

"பாக்கரு, இத எழுதையில கை நடுங்கலையாப்பா?"

நடுங்கவில்லை. அதை எப்படி அவரிடம் சொல்வது?

"என் மையத்தா இருந்தா கடல்ல தள்ளுங்கன்னு முன்னயே சொல்லி வச்சிருப்பேன். இவ என்ன பாவம் செஞ்சா?" என்றபடி கையெழுத்துப் போட்டார்.

சந்தூக்கு உடனே வந்தது. ஏழு மாதம் எட்டிப் பார்க்காத ஊரே தோள்கொடுக்க வந்தது. வெட்கங்கெட்டவர்கள் நாங்கள்.

மூன்றாம் நாள் மஃரிபு முடிந்து எல்லோரும் வந்துகொண்டிருந்தோம். கிணற்றடியில் பூமயில் நின்றாள். அவளுடைய மூத்தவனுக்குக் காக்காதான் ஊதுவார். இப்போது இடுப்பில் இளையவன், கண் திறக்காமல் கிடந்தான்.

"மதினி போன சேதி இப்பத்தேன் கேட்டேண்ணே. அழுதுக்கிட்டே வாரேன்" என்று செம்பை நீட்டினாள்.

காக்காவின் உதடு அசைந்தது. எங்களைத் திரும்பிப் பார்த்தார். சொன்ன சொல் தவறாத மனிதர். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ தாயி" என்று சொல்லி, தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்.

"நான் ஏதும் குத்தம் செஞ்சனாண்ணே?" என்று கேட்டாள் பூமயில். அவர் நிற்கவில்லை. அழுதுகொண்டே போனார் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது.

அவள் செம்பை என் பக்கம் திருப்பினாள். நான் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. ஆனாலும் அவளைத் தாண்டி வீட்டுக்கு வந்துவிட்டேன்.