சோற்றுப் பையோடு ஓடிய அப்பா

எங்கள் குடும்பம் முதன்முதலாகப் போன வெளிநாட்டுப் பயணத்துக்கு விமானம் எதுவும் தேவைப்படவில்லை. மலேசியாவில் எங்கள் ஊரான உலு திராமிலிருந்து, ஜேபி என்று நாங்கள் சொல்கிற ஜொகூர் பாருவுக்கு ஒரு பஸ், அங்கிருந்து பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு இன்னொரு பஸ், அவ்வளவுதான். அப்பா ஆண்டுக்கணக்காகத் தினமும் போய்வருகிற வெளிநாடு அது. விடியும் முன்பே மோட்டாரில் கிளம்பி, அதை எங்கோ நிறுத்திவிட்டுப் பஸ் பிடித்து, அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, நாங்கள் பாய் விரிக்கிற நேரத்துக்கு வந்து சேருவார். அம்மாவும் நானும் தம்பியும் அந்தப் பாலத்தைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

நான் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது பள்ளி விடுமுறையில் சிங்கப்பூர் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப்போவதாக அப்பா ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட நாளிலிருந்தே எங்களுக்குச் சட்டம் சொல்லித்தர ஆரம்பித்துவிட்டார். சுவிங்கம் மெல்லக் கூடாது, கீழே காகிதம் போடக் கூடாது, கண்ட இடத்தில் ரோட்டைத் தாண்டக் கூடாது, எல்லாவற்றுக்கும் ஃபைன்.

“தும்முனா ஃபைனாப்பா?” என்றான் தம்பி.

“தும்மலாம். வாயப் பொத்திக்கிட்டுத் தும்மணும்,” என்றார் அப்பா.

நான் சும்மாவே பயந்தாங்கொள்ளி. போதாததற்கு இதுவும் சேர்ந்துகொண்டது. கிளம்புகிற அன்று காலை என் உடுப்புப் பையைத் திரும்பத் திரும்பக் கவிழ்த்துப் பார்த்தேன். என்றோ தின்ற சுவிங்கத்தின் தாள் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆவது? பிடித்தால் அம்மாவைப் பிடிப்பார்களா, என்னைப் பிடிப்பார்களா? அம்மாவிடம் கேட்டதற்கு, “ரெண்டு பேரையும் பிடிச்சு உள்ள போடட்டும், எனக்கும் கொஞ்சம் ரெஸ்ட் கெடைக்கும்,” என்றாள். அது கேலி என்று எனக்குப் படவில்லை.

ஜொகூர் பாருப் பக்கம் எல்லாம் சுமுகமாகவே நடந்தது. நால்வரும் ஒரே வரிசையில் நின்று வெளியேறினோம். எங்கள் மூவரின் பாஸ்போர்ட்டும், அப்பா வீட்டிலேயே எழுதித் தந்திருந்த வெள்ளைக் குடிநுழைவுக் கார்டுகளும் அம்மாவின் கைப்பையில் இருந்தன. அப்பாவின் பாஸ்போர்ட் வழக்கம்போல அவர் சட்டைப் பையில். மத்தியானத்துக்கு அம்மா கட்டிய சோற்றுப் பையும் அவர் கையில்தான். பஸ்ஸில் இடம் இருந்தும் அப்பா உட்காரவில்லை. கதவுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி நின்றார். நான் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தேன். கடலுக்குக் கீழே எங்கேயாவது எல்லைக் கோடு போட்டிருப்பார்கள் என்று நினைத்துத் தேடினேன்.

சிங்கப்பூர்க் கரையில் பஸ் நின்றது. கதவு திறந்ததுதான் தாமதம், அத்தனை பேரும் இறங்கி ஓடினார்கள். விளையாட்டுப் போட்டியில் விசில் ஊதியது போல ஓர் ஓட்டம். படிக்கட்டில் இரண்டிரண்டு படியாகத் தாவினார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவில், சோற்றுப் பையைத் தோளோடு அணைத்தபடி, அப்பாவும் ஓடினார்.

“என்னங்க!” என்று அம்மா கூப்பிட்டாள்.

நாங்கள் மூச்சு வாங்க மேலே போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெரிய கூடத்தில் ஏகப்பட்ட வரிசைகள். அப்பா எங்கே என்று தேடினால், கடைசியில், சிங்கப்பூரில் வேலை செய்கிறவர்கள் விரலை வைத்துவிட்டுப் போகிற தானியங்கிக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கிறார். எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கதவு திறக்காது.

அம்மா உயிர்போகிற மாதிரி கத்தினாள். “என்னங்க! என்னங்க!”

கூடத்தில் இருந்த தமிழ் ஆண்கள் எத்தனை பேரோ அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா ஒருவரைத் தவிர. அவர் விரலை வைத்தார், கதவு திறந்தது, போய்விட்டார்.

தம்பி அந்த நேரம் பார்த்து ஒன்றுக்கு வருகிறது என்றான். சீருடையில் இருந்த ஒருவர் வந்து சத்தம் போடக் கூடாது என்று கையால் காட்டிவிட்டுப் போனார். கத்தியதற்கு ஃபைன் எழுதத்தான் வந்தார் என்று நினைத்து நான் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா கைப்பேசியை எடுத்து அழுத்திப் பார்த்தாள். மலேசிய லைன் கிடைக்காமல் அது பாலத்தின் பாதியிலேயே வாயை மூடிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் வெளிநாட்டவர் வரிசையில் நின்றோம். அது நகர்ந்தால்தானே!

எங்கள் முறை வந்தபோது, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மாள் யாருடன் வந்தீர்கள் என்று மலாயில் கேட்டார். கணவருடன் என்றாள் அம்மா. கணவர் எங்கே என்றார். உள்ளே போய்விட்டார் என்றாள். உங்களை விட்டுவிட்டா என்றார். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. அதிகாரி என்னைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். இதோ உள்ளே போடப்போகிறார்கள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். டப்டப்பென்று முத்திரை விழும் சத்தம் கேட்டது.

முதல் வேலையாகத் தம்பியைக் கழிவறைக்கு இழுத்துக்கொண்டு ஓடினோம். பிறகு நகரும் படியில் இறங்கி பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தோம். அங்கே அப்பா நிற்பார் என்றுதான் அம்மாவும் நம்பினாள், நானும் நம்பினேன். அவர் இல்லை. ஒரு பஸ் வரும், கூட்டம் ஏறும், போகும். யார் முகமும் அப்பா முகமாக இல்லை. அம்மாவுக்கு எந்த நம்பர் பஸ்ஸில் ஏறுவது என்று தெரியாது. ஏறினாலும் கொடுக்கச் சிங்கப்பூர்க் காசு இல்லை, எல்லாம் அப்பாவிடம். அவரை இனிப் பார்க்கவே முடியாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. அப்பா இல்லாத வீட்டை அந்தச் சிமெண்டுத் தூண் பக்கத்தில் நின்றபடியே நினைத்துப் பார்த்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“யாரும் அசையக் கூடாது. நின்ன எடத்துலயே நில்லுங்க,” என்று அம்மா எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டாள்.

வரிசையில் எங்களுக்கு வெகு பின்னால் நின்ற ஒரு அண்ணன் அப்போது இறங்கி வந்தார். அம்மா கத்தியபோது திரும்பிப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர்.

“அக்கா, இன்னும் உங்க வீட்டுக்காரரக் காணோமா?”

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். அவர் தன் கைப்பேசியை நீட்டினார். அம்மா அப்பாவின் நம்பரைப் பார்த்துப் பார்த்து அழுத்தினாள். எதிர்முனையில் அப்பா கத்தியது எனக்கே கேட்டது.

“நீங்க எங்க இருக்கீங்க? நான் ஜேபில உங்களத் தேடிக்கிட்டு இருக்கேன்!”

“அலமாக்!” என்று அந்த அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். நாங்கள் தன்னோடு இல்லை என்று அப்பாவுக்கு உறைத்தபோது அவர் ஏற்கெனவே கீழே இறங்கிவிட்டிருந்தார். வந்த வழியே திரும்பி மேலே போக விடவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்திருக்கிறார். நாங்கள் பயந்துபோய் ஊருக்கே திரும்பியிருப்போம் என்று நினைத்து, முறைப்படி சிங்கப்பூரைவிட்டு வெளியேறி, முறைப்படி மலேசியாவுக்குள் நுழைந்து தேடியிருக்கிறார். இனி மறுபடி மலேசியாவைவிட்டு வெளியேறி மறுபடி சிங்கப்பூருக்குள் நுழைய வேண்டும். பாலத்தில் அன்று பயங்கர நெரிசல். ஒவ்வொரு முறை படியில் கூட்டம் இறங்கும்போதும் நான் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் செருப்பு வரவேயில்லை. இன்னொரு தரம் எங்களை மறந்துவிட்டு வேறு எங்காவது ஓடிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் என் கவலை.

கடைசியில் வந்தார், அப்போதும் ஓடித்தான் வந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. வந்ததும் என் தலையையும் தம்பி தலையையும் தடவினார். அம்மாவைத் தொடப் போய், அந்தக் கையைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் மிருகக்காட்சி சாலைக்கும் போனோம். புலி எங்களுக்கு முதுகைக் காட்டியபடி தூங்கிக்கொண்டிருந்தது. என் நினைவில் நிற்பது அதற்கு முன்னால், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டதுதான். அன்று எங்கள் குடும்பத்தில் அதிகம் வெளிநாடு பார்த்தது அந்தப் புளிச்சோறுதான். அம்மா இத்தனை நேரமும் சேர்த்துவைத்திருந்த ஏச்சுக்காக நான் ஆவலோடு காத்திருந்தேன்.

“எப்படிங்க எங்கள மறந்தீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

“மறக்கல லா. கதவு தொறந்துச்சு, காலு தானா ஓடிருச்சு. ஓடலன்னா கியூ நீண்டுரும், ஃபேக்டரி பஸ் போயிரும், அரை நாள் சம்பளம் போயிரும். கீழ எறங்குனதுக்கு அப்புறம்தான், கை ஏன் இப்படிக் கனக்குதுன்னு பாத்தேன். சோத்துப் பை. அப்பதான் உங்க ஞாபகமே வந்துச்சு.”

“தெனமும் இப்படித்தான் ஓடுறீங்களா?”

“பின்ன?”

“ஏர்கான் பஸ்ல சும்மா உக்காந்து போவேன்னு சொல்வீங்களே.”

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அம்மா தன் பங்கு முட்டைச் சம்பலை எடுத்து, கேட்காமலேயே அவர் சோற்றின்மேல் வைத்தாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. எங்களைத் தொலைத்தவர் அவர். பயந்து செத்தது நான். அவருக்கு இரண்டு முட்டை, எனக்கு ஒன்றா என்று வாய்விட்டே கேட்டேன். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பேசாம சாப்பிடு,” என்றாள். எங்கள் வீட்டில் நியாயம் என்று ஒன்று கிடையாது என்று அன்று நான் தீர்மானமாக முடிவு செய்துகொண்டேன்.