பிஜித் தீவுக்கு எருத்தேன்பதி வழியாக

பசிபிக் கடலில் இருக்கும் பிஜித் தீவுக்குப் போகத் திட்டம் போடுகிறவர்கள் முதலில் பாலக்காடு மாவட்டத்து எருத்தேன்பதிக்குப் போய் நான்கு நாள் இருந்துவிட்டு வாருங்கள். சிரிக்காதீர்கள். இந்த ஏப்ரலில் நானும் என் வீட்டுக்காரரும் அதைத்தான் செய்தோம். ஜூலையில் போகவேண்டிய பயணத்துக்கு அது வெள்ளோட்டம்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக எங்களைப் பற்றிக் கொஞ்சம். தேவிகுளத்தில் எங்கள் வீட்டின் இரண்டு அறைகளை விருந்தினர்களுக்கு விடுகிறேன். என் வீட்டுக்காரர் முத்தையா இருபத்தேழு வருஷம் ஜீப் ஓட்டினார். தேனிலவுக்கு வந்த எத்தனையோ ஜோடிகளுக்கு மலையைச் சுற்றிக் காட்டியவர், எங்களுக்குக் கல்யாணமான மூன்றாம் நாளே சீசன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அதை இன்றுவரை நான் சொல்லிக் காட்டாமல் விட்டதில்லை.

போன வருஷம் அவருக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். வீட்டுக்கு வந்து அவர் படுத்திருந்த அறையில், எப்போதோ தங்கிப்போன ஒரு விருந்தினர் கொடுத்த காலண்டர் மாட்டியிருந்தது. நீலக் கடல், சாய்ந்த தென்னை, கீழே பிஜி என்று எழுத்து. ஒரு மாதம் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தவர் ஒருநாள், "செல்வி, இங்க ஒருதடவ போகணும்டி" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

மலையில் இனி வண்டி ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் ஜீப்பை விற்றோம். அந்தப் பணத்தை பிஜிக்கென்று எடுத்து வைத்தேன். டாக்டரும் தாராளமாகப் போகலாம் என்றார். ஆனால் உடம்பு தேறியதும் இவர் பேச்சையே மாற்றிவிட்டார். நான் பிஜி என்று வாயெடுத்தால் இவர் பால் வாங்கக் கிளம்பிவிடுவார். குளிரிலேயே வளர்ந்த உடம்பு, கடற்கரை வெயிலும் புழுக்கமும் தாங்குமோ என்று பயப்படுகிறார் என நினைத்தேன். சரி, தாங்குமா என்று பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். வெயில், தென்னை, இளநீர் மூன்றும் குறைவில்லாமல் கிடைக்கும் இடம், என் தங்கை கவிதாவைக் கட்டிக்கொடுத்த எருத்தேன்பதி.

காலை ஆறரைக்கு தேவிகுளத்தில் ஆட்டோ பிடித்து, மூணாறில் உடுமலைப்பேட்டை பஸ்ஸைப் பிடித்தோம். மறையூர், சின்னாறு காடு வழியாகக் கிட்டத்தட்ட தொண்ணூறு கிலோமீட்டர். மூன்றரை மணி நேரம் ஆகும். வலப்பக்கமா இடப்பக்கமா என்று கேட்காதீர்கள், ஜன்னலோரம் கிடைத்தால் உட்கார்ந்துவிடுங்கள். உடுமலைப்பேட்டையில் இவருக்குப் பூப்போட்ட சட்டை ஒன்று வாங்கினேன், முந்நூற்றைம்பது ரூபாய். தீவுக்குப் போகிறவர் தீவுக்காரர் மாதிரி இருக்க வேண்டாமா!

அன்று காலையிலிருந்தே இவர் நடந்துகொண்ட விதம் எனக்கு விளங்கவில்லை. எங்கே போனாலும் டிக்கெட் எடுப்பது, பஸ் விசாரிப்பது, பை தூக்குவது எல்லாம் இவர்தான். நான் பின்னாலேயே போய் ஏறி உட்காருவேன். அன்றைக்கோ எதைக் கேட்டாலும், "நீயே விசாரி" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பொள்ளாச்சியில் ஒரு பஸ்ஸில் பாலக்காடு என்று பார்த்து ஏறிவிட்டேன். நாங்கள் போகவேண்டியது கோபாலபுரம் வழியாகக் கொழிஞ்சாம்பாறை. டிக்கெட் கேட்டபோதுதான் கண்டக்டர், "இது கொல்லங்கோடு வழி போறதுங்க. கொழிஞ்சாம்பாறைக்கு அந்தப் பக்கம் நிக்குதே, அதுல ஏறியிருக்கோணும்" என்றார். பாதி ஊர் தாண்டியிருந்தது. இறங்கி ஆட்டோவில் திரும்பினோம். எண்பது ரூபாய் தண்டம்.

"உங்களுக்குத் தெரியாதா? காலம்பூரா வண்டி ஓட்டுன மனுசனுக்கு ரோடு தெரியாதா?" என்றேன்.

"தெரியும்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் கொழிஞ்சாம்பாறை வரை அவர் பக்கம் திரும்பவேயில்லை. அங்கிருந்து எருத்தேன்பதிக்கு ஆட்டோ இருநூறு ரூபாய். பேரம் பேசியதும் நான்தான்.

தங்கை வீட்டுக்காரர் பழனிச்சாமி தென்னந்தோப்பு வைத்திருப்பவர். நாங்கள் வந்த காரணத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஏனுங் சகல, அங்க போயும் இதே தென்னமரந்தானுங்க பாக்கப் போறீங்க? அதுக்கு எதுக்குங்க ஏரோப்ளேனு? இங்கயே பத்து நாளைக்கு இருங்க. எளநி நான் வெட்டித் தாரனுங்க, காசே வேண்டாம்."

"நம்ம ஊட்டுல கடலு எங்க இருக்குது? வாய்க்காலக் காட்டி அனுப்பறதா?" என்று கவிதா அவரை அடக்கினாள். எங்கள் வீட்டில் பிறந்தவள், பதினெட்டு வருஷத்தில் பேச்செல்லாம் அந்த ஊர்க்காரியாகிவிட்டாள்.

இவர் வெயிலை நன்றாகவே தாங்கினார். காலையில் பூப்போட்ட சட்டையோடு வரப்பில் நடந்தார். டீக்கடையில் நாலு பேர் சிரித்ததையும் பொருட்படுத்தவில்லை. மதியம் கரண்ட் போனபோதும் தோப்பில் கட்டில் போட்டுக் குறட்டை விட்டார். மூச்சு வாங்குகிறதா, முகம் வாடுகிறதா என்று நான்தான் தூங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பிஜியிலும் கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்ப்பாலும் மீனும்தான் முக்கியச் சாப்பாடு என்று படித்திருந்ததால், மூன்று வேளையும் அதையே சமைக்கச் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை. கவிதாதான் சலித்துப்போனாள்.

மூன்றாம் நாள் மலம்புழா அணைக்குப் போய் படகில் ஏறினோம். பிஜியில் விமானம் இறங்குவது பெரிய தீவில். சின்னத் தீவுகளுக்குப் படகில்தான் போகவேண்டும். இவருக்குப் படகு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கத்தான் போனோம். நடுத் தண்ணீரில் வாந்தி எடுத்தது நான். இவர் என் தலையைப் பிடித்துக்கொண்டு முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். கரைக்கு வந்தபிறகு அவர் முகம் என்னவோ போல் ஆகிவிட்டது.

மறுநாள் காலை மோட்டார் அறைப் பக்கம், தண்ணீர்த் தொட்டியில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். திடீரென்று கேட்டார்: "சிங்கப்பூர்ல ப்ளேன் மாறணும்ல? ஒத்தையா மாறிருவியா?"

"ஒத்தையா நான் எதுக்கு மாறணும்? நீங்க எங்க போறீங்க?"

அவர் மெதுவாகச் சொன்னார்: "அங்க வச்சு எனக்கு என்னமும் ஆயிருச்சுன்னா நீ ஊரு வந்து சேரணும்லடி. எனக்கு வெயிலும் பயமில்ல, கடலும் பயமில்ல. பாஷ தெரியாத ஊர்ல உன்ன ஒத்தையா நிக்க வச்சுட்டுப் போயிருவேனோன்னுதான். பஸ் மாறி ஏறும்போதுகூட வாயத் தொறக்காம இருந்தது அதுக்குத்தான். நீயா எறங்கி, நீயா ஆட்டோ பிடிச்சு வாறியான்னு பாத்தேன்."

அவருடைய உடம்புக்கு நான் பரீட்சை வைத்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்கு வைத்துக்கொண்டிருந்தார். அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. தொட்டித் தண்ணீரை அள்ளி அவர் சட்டைமேல் ஊற்றினேன்.

"பரீட்சைன்னா முழுசா வைங்க. நாளைக்கு ஊருக்கு நான் ஒத்தையாப் போறேன். நீங்க கடைசி சீட்ல யாரோ மாதிரி உக்காந்து வாங்க. வாயத் தொறந்தீங்க, அவ்வளவுதான்" என்றேன்.

அப்படியேதான் வந்தோம். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி, அங்கிருந்து உடுமலைப்பேட்டை, எல்லாம் நானே விசாரித்து ஏறினேன். மூணாறு பஸ்ஸில் கூட்டம். நான் முன்னால், இவர் பின்னால். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன். சின்னாறு வளைவுகளில் நாலு தடவை பார்த்துவிட்டேன். பூப்போட்ட சட்டை கூட்டத்திலும் பளிச்சென்று தெரிந்தது. முந்நூற்றைம்பது ரூபாய் வீண்போகவில்லை.

மறையூரில் டீ குடிக்க நிறுத்தினார்கள். இரண்டு டீ வாங்கி, சர்க்கரை போடாததை ஜன்னல் வழியாகக் கடைசி சீட்டுக்கு நீட்டினேன். பேசக்கூடாது என்பதால் இவர் தலையை மட்டும் ஆட்டினார்.

கண்டக்டர் பார்த்துவிட்டார். "ஏம்மா, அவரு உங்ககூட வந்தவரா?"

"தெரியாதுங்க. பாக்கப் பாவமா இருந்தாரு" என்றேன். கடைசி சீட்டில் டீ புரையேறியது.

மாலை ஐந்துக்கு வீட்டுக் கதவை நானே திறந்தேன். பின்னாலேயே வந்தவர் செருப்பைக் கழற்றியபடி, "டிக்கெட்டப் போடு" என்றார்.

இனி, போகிறவர்களுக்குச் சில விவரங்கள். மே முதல் அக்டோபர் வரை அங்கே மழையும் புழுக்கமும் குறைவு. கொச்சியிலிருந்து சிங்கப்பூர் நாலரை மணி நேரம், அங்கிருந்து பிஜி ஏறக்குறைய பத்து மணி நேரம். நம் நேரத்தைவிட அங்கே ஆறரை மணி நேரம் முன்னால். நாங்கள் விசாரித்தபோது இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா வேண்டாம் என்றார்கள். விதிகள் மாறும், நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது இருக்கிற நோயை மறைக்காதீர்கள். மறைத்தால் ஆபத்துக்கு உதவாது. மாத்திரைகளைக் கைப்பையில், டாக்டர் சீட்டோடு வையுங்கள். ஊறுகாய், விதை, செடி எதையும் கொண்டுபோகாதீர்கள், விமான நிலையத்தில் கெடுபிடி அதிகம். படகு ஒத்துக்கொள்ளாதவர்கள் அதற்கும் மாத்திரை கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கிவிட்டேன்.

முக்கியமாக, தம்பதியாகப் போகிறவர்கள் வெள்ளோட்டம் ஒன்று போய்விடுங்கள். யாருக்கு எதைப் பற்றிப் பயம் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால் தெரியாது.

ஊர் திரும்பிய அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன் போனில் டிக்கெட் போட உட்கார்ந்தேன். இவர் பக்கத்தில் வந்து, "போற டிக்கெட் மட்டும் இப்பப் போடு. வாறத உனக்கு மட்டும் போட்டாப் போதும். என்னோடத அங்க போய்ப் பாத்துக்கிடலாம்" என்றார்.

நான் திரையில் இருந்த விதியை அவருக்குப் படித்துக் காட்டினேன். "திரும்பி வாற டிக்கெட் கையில இல்லாதவங்கள அந்த நாட்டுக்குள்ள விடமாட்டாங்க. ஆளுக்கு ஒண்ணு வேணும். என் பேர்ல ஒண்ணு, உங்க பேர்ல ஒண்ணு."

"நெசமாவா? ரூலா?"

"ரூலுதான்."

பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் பெயரை நான் சரியாக அடிக்கிறேனா என்று பார்த்தபடி சொன்னார்: "அப்ப சரி. ரூலுன்னா வந்துதான ஆகணும்."