பிரசவ வார்டுக்கு வர முடியாத தகப்பன்

காலை எட்டு மணிக்குப் பினாங்குத் தீவின் லிட்டில் இந்தியாவில் தோசையை முடித்துக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தேன். அக்கரைக்குக் கட்டணம் இரண்டு வெள்ளி, மலேசிய ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். அங்கே சல்மா காருடன் காத்திருந்தார். பினாங்குத் தமிழ் முஸ்லிம். தாதி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அகதிக் கர்ப்பிணிகளைத் தேடிப்போய்ச் சோதிக்கிறவர். நானும் தமிழ்நாட்டில், மண்டபம் இலங்கை அகதி முகாமில் இருபது வருடம் செவிலியாக இருந்தவள்தான்; அவர் வேலையைப் பார்க்க வந்திருந்தேன்.

"இங்க முகாம் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"முகாமெல்லாம் இல்லக்கா. கெடைச்ச எடத்துல ஒளிஞ்சு இருக்காங்க லா."

ஒன்பதரைக்குப் பிறை என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். கட்டி முடிக்காத ஒரு கட்டடத்தை ஒட்டிப் பலகை அறைகள். மியான்மரிலிருந்து தப்பி வந்த நூரா அங்கே படுத்திருந்தாள். எட்டு மாதம். கால்கள் வீங்கியிருந்தன, தலைவலியில் கண்ணைத் திறக்க முடியவில்லை. இரத்த அழுத்தம் நூற்றெழுபதைத் தாண்டியிருந்தது. வலிப்பு வந்தால் தாயும் மிஞ்சமாட்டாள், பிள்ளையும் மிஞ்சாது.

அவள் கணவன் கரீம், சாப்பாட்டுக்கடையில் மங்கு, தட்டு கழுவித் தமிழ் பழகியவன்.

"ஆஸ்பத்திரி போனா பிடிப்பாங்க அக்கா. அகதி கார்டு இல்ல."

"இங்கயே வச்சிருந்தா செத்துருவா தம்பி," என்றார் சல்மா.

அவன் மூலையில் நின்ற நான்கு வயது மகளைப் பார்த்தான். "ரெண்டு பேரும் மாட்டினா இவள யாரு பாக்கும்? நீங்க கூட்டிட்டுப் போங்க. நான் வரல." மனைவியைத் தூக்கி வந்து காரில் உட்காரவைத்தான். கதவையும் அவனே சாத்தினான்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர்கள் நேரம் கடத்தவில்லை. பிற்பகல் இரண்டுக்குள் அறுவை முடிந்தது. நூரா பிழைத்துக்கொண்டாள். பெண் குழந்தை பிழைக்கவில்லை.

சல்மா கரீமுக்குப் போன் செய்து சொன்னார்.

"மூஞ்சி காட்டுங்க அக்கா."

வீடியோவில் குழந்தையைக் காட்டினோம். போனை நான் பிடித்தேன். அவன் மெல்ல எதையோ ஓதினான். பிறகு, "முடி நெறைய இருக்கு," என்றான்.

மாலை ஆறு மணிக்குப் படகேறினேன். மண்டபத்தில் தகரக் கூரை கொதிக்கும். வெளியே போக வாசலில் கையெழுத்துப் போடவேண்டும். அந்த முகாமை எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன். ஆனால் அங்கே பிரசவ அறைக்கு வெளியே புருஷன்மார் கூட்டமாக நிற்பார்கள். குழந்தை அழுத மறுநொடி கதவைத் தட்டுவார்கள். "தள்ளி நில்லுங்கய்யா!" என்று விரட்டி விரட்டியே என் தொண்டை கட்டிப்போகும்.

இன்று நூராவின் வார்டு வராந்தாவில் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். விரட்ட ஒருவரும் இல்லை.