அந்த ஒரு பிள்ளைதான் வரவில்லை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பள்ளி திறந்து கொஞ்ச நாளில், தாம்பரத்தில் எங்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. நான் இரும்புலியூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை. பயிற்சி என்றாலே எங்களுக்குள் ஒரு சலிப்பு உண்டு. காலையில் கையெழுத்து, நடுவில் டீ, மதியத்துக்கு மேல் கண்ணைச் சொருகும் ஒரு வகுப்பு, சாயங்காலம் மறுபடியும் கையெழுத்து. முடிந்தது கதை.

ஆனால் அந்த முறை கொஞ்சம் மாற்றி வைத்திருந்தார்கள். சனிக்கிழமைகளில் மட்டும் வகுப்பு. ஒவ்வொரு ஆசிரியரும் தன் வகுப்பில் இருக்கும் ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு அதற்கு ஒரு செயல்திட்டம் செய்ய வேண்டும். கடைசி நாளில் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்ல வேண்டும். அதோடு எங்களை இரண்டு இரண்டு பேராகச் சேர்த்து, ஒருவர் வகுப்புக்கு மற்றவர் போய்ப் பார்த்துவிட்டு வரும்படியும் சொல்லியிருந்தார்கள்.

எனக்கு ஜோடியாக வந்தவர் பெரும்பாக்கத்தில் வேலை பார்க்கும் ஒரு சார். நகரத்திலிருந்து மாற்றப்பட்ட குடும்பங்களுக்காகக் கட்டிய அடுக்குமாடி வீடுகளுக்குப் பக்கத்தில் அவருடைய பள்ளி. மூன்றாம் வகுப்பு எடுக்கிறார். நாற்பது வயது இருக்கும். அதிகம் பேச மாட்டார். யார் ஜோக் சொன்னாலும் எல்லோரும் சிரித்து முடித்த பிறகுதான் அவர் சிரிப்பார்.

தலைப்பு சொல்லும் நாள் வந்தது. ஒருவர் கையெழுத்துப் பயிற்சி என்றார். ஒருவர் பாட்டாகவே வாய்ப்பாடு என்றார். நான் ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் கடை போர்டுகளை வைத்துப் பிள்ளைகளுக்கு வாசிப்பு சொல்லித்தரப் போவதாகச் சொன்னேன். நல்ல யோசனை என்று கைதட்டினார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

அடுத்து அந்த சார் எழுந்தார். "என் க்ளாஸ்ல ஒரு பொண்ணு அடிக்கடி வர்றதில்ல சார். ஏன்னு கண்டுபிடிக்கணும்."

பயிற்சி நடத்தியவர் இன்னும் ஏதோ சொல்வார் என்று காத்திருந்தார். இவர் நிறுத்திவிட்டார்.

"அவ்வளவுதானா சார்? அப்போ மத்த பிள்ளைங்க?"

"மத்த பிள்ளைங்க வர்றாங்க சார். அந்த ஒரு பிள்ளைதான் வரல."

ஹால் முழுவதும் சிரிப்பு. செயல்திட்டம் என்றால் வகுப்பு முழுவதற்கும் பயன்பட வேண்டும், யோசித்துப் பாருங்கள் என்று பயிற்சியாளர் தன்மையாகத்தான் சொன்னார். சார் தலையாட்டினார், உட்கார்ந்தார். தலைப்பை மாற்றவில்லை. கடைசி நாளில் இவருக்கு ஜோடியாக நான் என்ன பாடு படப்போகிறேனோ என்றுதான் அப்போது தோன்றியது.

டீ நேரத்தில் அவரே பேச்சைத் தொடங்கினார். "வர்ற அன்னைக்கு அவ்வளவு ஆசையா உக்காந்திருக்கும் டீச்சர். ஆனா வாரத்துல பாதி நாள் வராது. கேட்டா வயித்து வலின்னு சொல்லும். அதுக்குப் பொய் சொல்ல வராது, சொல்லும்போதே தரையப் பாக்கும். அதட்டிக் கேட்டா அந்தப் பாதி நாளும் வராம போயிடுமோன்னு பயமா இருக்கு."

அந்தப் பிள்ளைக்கு அப்பா இல்லை. அம்மா மயிலாப்பூரில் வீட்டு வேலை செய்கிறார். விடிவதற்கு முன் பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். பள்ளியில் இருந்த போன் நம்பர் பழைய நம்பர். மறுநாள் வெளியூரில் ஒரு கல்யாணம் என்பதால், அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய் அம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே நான் அவர் வகுப்பைப் பார்க்கப் போக வேண்டிய நாள் வந்துவிட்டது. ராஜகீழ்ப்பாக்கத்தில் பஸ் நின்று நின்று ஊர்ந்து, நான் போய்ச் சேர்ந்தபோது பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். பின்னால் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். வருகைப் பதிவு எடுத்தார். அந்தச் சிறுமியின் பெயர் வந்ததும், "வரல சார்" என்று வகுப்பே சேர்ந்து சொன்னது.

அப்போது ஒரு குட்டிப் பெண் எழுந்து நின்றாள். "சார், நான் காலைல பாத்தேன் சார். யூனிஃபார்ம் போட்டுக்கினு, பைய மாட்டிக்கினு மாடிப்படி எறங்கிச்சு சார்."

சார் நிமிர்ந்து பார்த்தார். "நல்லா பாத்தியா?"

"ஆமா சார். எங்க பக்கத்து வூடுதான் சார் அது."

அந்தக் குட்டியின் அம்மாவுக்குப் போன் போட்டு, அவரிடமிருந்து சிறுமியின் அம்மா நம்பரை வாங்கினார். வராந்தாவில் நின்று பேசினார். நான் பக்கத்தில் நின்றேன். அந்த அம்மாவின் குரல் எனக்கும் கேட்டது.

"இன்னா சார் சொல்றீங்க? தெனிக்கும் ஸ்கூலுக்குத்தானே சார் போவுது? நேத்துகூட என்னா பாடம் நடந்துச்சுன்னு சொல்லிச்சே சார்!"

"நேத்தும் வரலம்மா" என்றார் சார்.

அந்தப் பக்கமிருந்து, "ஐயோ, எம் பொண்ணு எங்க சார்?" என்ற அலறல். "நான் இப்பவே பஸ் ஏறி வரேன் சார். தேடுங்க சார், உங்களக் கையெடுத்துக் கும்புடுறேன்."

போனைச் சட்டைப் பையில் போடப் போனார். அது பைக்கு வெளியே வழுக்கியது. நான்தான் பிடித்துக் கொடுத்தேன். தலைமை ஆசிரியை விஷயத்தைக் கேட்டதும், "நீங்க போங்க சார், க்ளாஸ நான் பாத்துக்கறேன்" என்று உள்ளே போய்விட்டார்கள்.

நாங்கள் இருவரும் வெயிலில் இறங்கினோம். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி கட்டடங்கள். ஒரு பக்கம் தண்ணீர் லாரிகள் பறக்கும் மெயின் ரோடு. இன்னொரு பக்கம் கோரை மண்டிய சதுப்பு நிலம், நடுவில் தேங்கிக் கிடக்கும் தண்ணீர். என் கண் வேண்டாம் வேண்டாம் என்றாலும் அந்தத் தண்ணீர்ப் பக்கமே போனது. எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள்.

கட்டடத்தின் கீழே இட்லிக் கடை வைத்திருந்த ஓர் அக்காவிடம் கேட்டோம். "யூனிஃபார்ம் போட்ட பொண்ணுங்க எத்தினியோ போவுதுங்க சார். எதுன்னு சொல்றது?"

சார் யோசிக்கவே இல்லை. "முன்பல்லு ஒண்ணு விழுந்திருக்கும்க்கா. ரெட்டை ஜடை. இடது பக்க ரிப்பன் மட்டும் எப்பவும் அவிழ்ந்து தொங்கும். நடக்கும்போது பை வாரப் பிடிச்சுக்கிட்டேதான் நடக்கும்."

எனக்கு அந்தப் பதற்றத்திலும் சுருக்கென்றது. என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேரை நான் இப்படிச் சொல்ல முடியும்?

"அட, அதுவா!" என்றார் அந்த அக்கா. "தம்பிய இட்டுக்கினு அதோ அந்த பால்வாடிக்குப் போவும் சார். உள்ள போறதப் பாத்துகீறேன். வெளிய வர்றதத்தான் பாத்ததில்ல."

சார் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன்.

பால்வாடி இரண்டு கட்டடம் தள்ளி, தரைத்தளத்தில் இருந்தது. வெயிலிலிருந்து உள்ளே போனதும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. குழந்தைகள் வட்டமாக உட்கார்ந்து ஏதோ பாடிக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் மூலையைப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து, காலை நீட்டி அந்தச் சிறுமி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சின்னப் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். அழுது ஓய்ந்த முகம். அவள் பினாஃபோரின் பெல்ட்டை அவன் கை இறுக்கிப் பிடித்திருந்தது. அவள் முதுகில் இருந்த பள்ளிப் பையைக்கூடக் கழற்றவில்லை. எந்த நிமிடமும் எழுந்து பள்ளிக்கு ஓடத் தயாராக இருப்பதுபோல் இருந்தாள்.

சாரைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிப் போனது. எழ முயன்றாள்.

நானாக இருந்தால் அந்த நேரத்தில் கத்தியிருப்பேன். அவ்வளவு பயந்திருந்தேன். சார் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சத்தமில்லாமல் போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"எழுந்திரிக்காத. முழிச்சுக்குவான்" என்றார் மெதுவாக. "தூங்கி ரொம்ப நேரமாச்சா?"

"இப்பதான் சார்" என்றாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. சத்தம் வராமல் அழுதாள். அழும்போதுகூட மடி அசையாமல் பார்த்துக்கொண்டாள்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். "வுட்டுட்டுப் போனா அழுவுறான் சார். அழுது அழுது வாந்தி எடுத்துர்றான். அவன் தூங்கசொல்ல அம்மா வேலைக்குப் போயிடும். முழிச்சுப் பாத்தா அம்மா இருக்காது. அதான் என்னையும் வுட மாட்டேன்றான். தூங்கினதும் ஸ்கூலுக்கு வந்துர்லாம்னு பாப்பேன் சார். கைய எடுத்தா முழிச்சுக்கிறான்."

தம்பி சீக்கிரம் கையை விட்ட நாட்களில் அவள் பள்ளிக்கு வந்திருக்கிறாள். விடாத நாட்களில் இங்கேயே இருந்திருக்கிறாள். அவனை இங்கே விட்டுவிட்டு நேராகப் பள்ளிக்குப் போகிறாள் என்றுதான் அம்மா நினைத்திருக்கிறார். அவ்வளவுதான் விஷயம்.

பால்வாடி டீச்சர் பதறிப்போய் வந்தார். "சார், நீங்கதான் தம்பி பழகுற வரைக்கும் கூட இருக்கச் சொன்னதா சொல்லுச்சு. அதான் நானும் வுட்டுட்டேன்."

சிறுமி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் சொன்னது பொய் என்று சார் ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அவர் அவளைப் பார்த்தார், பிறகு டீச்சரைப் பார்த்தார். "ஆமா டீச்சர். நான் வந்து உங்ககிட்ட பேசியிருக்கணும்" என்றார்.

அந்தச் சிறுமி சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்த பார்வையை எனக்கு எழுதத் தெரியவில்லை.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தார். "பொண்ணு பத்திரமா இருக்கும்மா. மெதுவா வாங்க." சொல்லி முடித்துவிட்டு, என் பக்கம் திரும்பாமல் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த அம்மா மெதுவாக எங்கே வந்தார்? பஸ் ஸ்டாப்பிலிருந்து ஓடியே வந்திருக்க வேண்டும். கொண்டை அவிழ்ந்து தொங்க, மூச்சு வாங்க, நேராக மகளிடம் போய்க் கையை ஓங்கினார். சார் நடுவில் வந்து நின்றார்.

"அடிக்காதீங்கம்மா. அது ஊர் சுத்தல. நீங்க பாக்க வேண்டிய பிள்ளைய அது பாத்துக்கிட்டு இருந்துச்சு."

ஓங்கிய கை அப்படியே இறங்கியது. அந்த அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாடி?"

"சொன்னா நீ வேலைய வுட்ருவம்மா" என்றாள் சிறுமி.

அதன் பின்புதான் சாருடைய செயல்திட்டம் தொடங்கியது என்று சொல்ல வேண்டும். தூங்கும்போது நைசாகக் கிளம்பிப் போகாமல், அழுதாலும் பரவாயில்லை, பையனை எழுப்பிச் சொல்லிவிட்டே போங்கள் என்று பால்வாடி டீச்சர் அந்த அம்மாவிடம் சொன்னார். சார் தலைமை ஆசிரியையிடம் பேசி ஓர் ஏற்பாடு செய்தார். தினமும் காலையில் முதல் வேலையாக மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் முறை வைத்து அவரோடு பால்வாடிக்குப் போய்ச் சின்னக் குழந்தைகளுக்குப் படக்கதை வாசித்துக் காட்ட வேண்டும். சிறுமி மட்டும் தினமும் போவாள். தம்பிக்கு அக்காவின் தோழிகள் எல்லோரும் பழக வேண்டும், அதற்குத்தான் இது. ஆனால் கதை சொல்வதற்காகப் பிள்ளைகள் முந்தின நாளே புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் வீட்டில் வாசித்துப் பார்த்துவிட்டு வர ஆரம்பித்தார்கள். எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தவர்கள் குரல் மாற்றி, சிங்கமாகவும் முயலாகவும் பேசி வாசித்தார்கள்.

கடைசிப் பயிற்சி வகுப்புக்கு முன் நான் இன்னொரு முறை அந்தப் பால்வாடிக்குப் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் அன்றைக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். கதை முடிந்து பிள்ளைகள் கிளம்பும் நேரம். அந்தப் பையன் பால்வாடி ஆயாவின் காலைக் கட்டிக்கொண்டு நின்றான். அக்கா வாசல் வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். போகலாமா வேண்டாமா என்று தயங்கினாள்.

அவன் கையை ஆட்டினான். "நீ ஸ்கூலுக்குப் போ. சாங்காலம் வா" என்றான், பெரிய மனுஷன் மாதிரி.

அவள் நடக்கவில்லை, பறந்தாள்.

கடைசி நாள் தாம்பரத்தில் எல்லோரும் கலர் கலராகச் சார்ட் ஒட்டியிருந்தோம். என் கடை போர்டுகளுக்கும் நல்ல பெயர் கிடைத்தது. சார் முறை வந்தபோது வெறுங்கையோடு மேடை ஏறினார். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். தான் செய்தது என்று எதையும் சொல்லவில்லை. பால்வாடி டீச்சர் செய்தார், ஹெச்.எம். செய்தார், பிள்ளைகள் செய்தார்கள் என்றே சொல்லிக்கொண்டு போனார். எனக்குப் பொறுக்கவில்லை. நானும் மேடை ஏறி மைக்கை வாங்கி, பால்வாடித் தரையில் அவர் உட்கார்ந்ததையும், அந்தப் பிள்ளையின் பொய்யைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டதையும் சொன்னேன். என் குரல் உடைந்துவிட்டது.

"உங்க ஆய்வோட முடிவு என்ன சார்?" என்று பயிற்சியாளர் கேட்டார். கேட்கும்போதே அவர் குரலும் மாறியிருந்தது.

"அந்தப் பொண்ணு இப்ப தெனமும் வருது சார்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு டீச்சர் எழுந்தார். "சார், என் க்ளாஸ்லயும் ஒரு பையன் வெள்ளிக்கிழமை ஆனா வர மாட்டான். இதுவரைக்கும் நான் ஏன்னு கேட்டதில்ல" என்றார். அவர் உட்காருவதற்குள் இன்னொருவர் எழுந்தார். கடற்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து வந்திருந்த ஆசிரியர் ஒருவர், மீன் ஏலம் நடக்கும் காலையில் வராமல் போகும் ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னார். மதியச் சாப்பாடு வந்து ஆறிப்போனது. யாரும் எழுந்து போகவில்லை. ஒவ்வொருவரும் தன் வகுப்பில் இல்லாமல் போகும் ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தோம். நான் போன எத்தனையோ பயிற்சிகளில் ஆசிரியர்கள் மனம் விட்டுப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

அந்த சார் இப்போதும் பெரும்பாக்கத்தில்தான் இருக்கிறார். எப்போதாவது போனில் பேசிக்கொள்கிறோம். அதிகம் பேச மாட்டார் என்பதில் மாற்றமில்லை. முன்பெல்லாம் என் வகுப்பில் ஒரு பிள்ளை சொல்லாமல் நின்றுவிட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும், கவலை அப்புறம்தான். இப்போது கவலை முதலில் வருகிறது, கோபம் வருவதற்குள் நான் பெரும்பாலும் அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருக்கிறேன்.